பைசா சாய்ந்த கோபுரத்தில் ஏறுவது எப்படி: நேரச் சீட்டு வாங்குவது முதல் இறங்கி வருவது வரை

இத்தாலியின் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம், அதன் அருகில் நிற்கும் பேராலயத்துக்காகக் கட்டப்பட்ட மணிக்கோபுரமாகும். அது நிற்கும் சதுக்கத்துக்குள் நுழையவோ, புல்வெளி ஓரம் நின்று கையால் தாங்குவதுபோல் படம் எடுத்துக்கொள்ளவோ எந்தக் கட்டணமும் இல்லை. உள்ளே நுழைந்து, மணிகள் தொங்கும் உச்சி வரை ஏற விரும்புவோருக்கு மட்டுமே சீட்டு தேவை. அவ்வளவு தூரம் போய்விட்டு ஏறாமல் திரும்புவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. வெளியிலிருந்து பார்க்கும்போது வேடிக்கையாகத் தெரியும் சாய்வு, படிகளில் கால் வைத்த பிறகுதான் உடம்புக்குப் புரிகிறது.

இந்தக் கோபுரத்துக்கு நேரம் குறிக்காத சீட்டு என்று ஒன்று கிடையாது. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்த பின்னரே பணம் கட்ட முடியும். ஒவ்வொரு முறையும் சில பத்துப் பேரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். ஏறி, பார்த்து, இறங்கி வருவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே, ‘வரிசையில் நிற்க வேண்டியதில்லை’ என்று பல இணையதளங்கள் கூடுதல் விலைக்கு விற்கும் சீட்டும், கோபுரத்தைப் பராமரிக்கும் அமைப்பு நேரடியாக விற்கும் சாதாரணச் சீட்டும் வாசலில் ஒரே மதிப்புடையவைதான். நம் கோயில்களில் பொது தரிசனத்துக்கு ஒரு வரிசை, சிறப்பு தரிசனத்துக்கு இன்னொரு வரிசை என்று இருப்பதுபோல் இங்கே இரண்டு வழிகள் இல்லை. பத்தே காலுக்குச் சீட்டு வைத்திருப்பவர்கள் அனைவரும், யாரிடம் எவ்வளவு கொடுத்து வாங்கியிருந்தாலும், பத்தே காலுக்கு ஒரே வாசலில்தான் நிற்பார்கள். முன்பதிவு செய்வதால் தவிர்க்கப்படுவது சீட்டு விற்கும் கவுண்டரின் வரிசையும், அங்கே போய்ச் சேரும்போது ‘அடுத்த இடம் மூன்று மணி நேரம் கழித்துத்தான்’ என்று கேட்க நேரும் ஏமாற்றமும்தான். அந்தப் பலன் நேரடிச் சீட்டிலேயே முழுமையாகக் கிடைத்துவிடுகிறது.

கோபுரத்தையும் பேராலயத்தையும் பராமரிப்பது ‘ஓபெரா தெல்லா பிரிமாட்சியாலே பிசானா’ என்ற பழைமையான அமைப்பு. அதன் இணையதளத்தில், பயண நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே சீட்டுகள் விற்பனைக்கு வருகின்றன. அண்மைக் காலத்தில் கோபுரச் சீட்டின் விலை 20 யூரோ அளவில் இருந்து வருகிறது. பேராலயத்துக்குள் நுழையும் அனுமதியும் அதிலேயே அடங்கும். கோடை மாதங்களிலும், ஈஸ்டர் விடுமுறையிலும், வார இறுதிகளிலும் நல்ல நேரங்கள் முதலில் தீர்ந்துவிடும் என்பதால், ரயில் பயணத்தை முடிவு செய்த அன்றே கோபுரச் சீட்டையும் எடுத்துவிடுவது நல்லது. வாங்கிய சீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற முடியாது. குறித்த நேரத்தைத் தவறவிட்டால் உள்ளே விடும்படி கேட்கும் உரிமையும் இல்லை. எனவே நாளையும் நேரத்தையும் இருமுறை சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஐரோப்பிய முறையில் தேதியில் நாள் முதலிலும் மாதம் அடுத்தும் வருவது நமக்குப் பழக்கமானதே. ஆனால் நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இடைத்தரகர்களிடம் வாங்குவதே தவறு என்று சொல்ல மாட்டேன். நேரடி விற்பனையில் இடம் தீர்ந்துவிட்ட நாளிலும், வழிகாட்டியுடன் சதுக்கத்தைச் சுற்றிப் பார்க்க விரும்பும்போதும் அவர்களிடம் வாங்குவதில் நியாயம் உண்டு. அப்போது கவனிக்க வேண்டியது ஒன்றே: அந்தத் தொகுப்பில் ‘கோபுரத்தில் ஏறுதல்’ சேர்ந்திருக்கிறதா என்பது. சதுக்கம், பேராலயம், ஞானஸ்நானக் கூடம் ஆகியவற்றுக்கான சுற்றுலாவைச் சாய்ந்த கோபுரத்தின் படத்தைப் போட்டு விளம்பரப்படுத்துவது வழக்கம். கோபுரம் ‘வெளியிலிருந்து மட்டும்’ என்ற குறிப்பு கீழே சிறிய எழுத்தில் இருக்கும்.

யார் ஏறக்கூடாது, எதைக் கொண்டுபோகக்கூடாது

எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. தூக்கிக்கொண்டு ஏறுகிறோம் என்று சொன்னாலும் பயனில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் ஒருவருடன் வர வேண்டும். சிறு குழந்தையுடன் செல்லும் பெற்றோர் வெவ்வேறு இரண்டு நேரங்களுக்குத் தனித்தனியாகச் சீட்டு எடுத்துக்கொண்டால், ஒருவர் ஏறும்போது மற்றவர் கீழே குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்; ஆனால் முதல் சீட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையில் முக்கால் மணி நேரமாவது விட்டுவையுங்கள். மின்தூக்கி கிடையாது. 250-க்கும் மேற்பட்ட படிகள், அவையும் குறுகியவை, தேய்ந்தவை. இதய நோய் உள்ளவர்கள், தலைசுற்றல் தொந்தரவு உள்ளவர்கள், முழங்கால் வலியுள்ள முதியவர்கள் ஆகியோருக்கு இந்த ஏற்றம் உகந்ததல்ல.

பை விஷயத்தில்தான் பலரும் நேரத்தை இழக்கிறார்கள். முதுகுப்பை மட்டுமல்ல, பெண்கள் தோளில் மாட்டும் கைப்பையைக்கூட உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அருகிலேயே பொருள் காப்பறை இருக்கிறது. சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அது இலவசம். ஆனால் குறித்த நேரத்துக்குச் சற்று முன்புதான் அங்கே கூட்டம் சேரும் என்பதால், அரை மணி நேரம் முன்னதாகவே சதுக்கத்துக்கு வந்து, பையை ஒப்படைத்து, அடையாள வில்லையைப் பெற்றுக்கொண்டு, அதன் பிறகு வாசலுக்குப் போவதே பதற்றமில்லாத வழி. கைபேசியையும் கேமராவையும் கையில் கொண்டுபோகலாம். கடவுச்சீட்டு, பணம், மருந்து போன்றவற்றை வைக்கச் சட்டையிலோ காற்சட்டையிலோ மூடக்கூடிய பையுள்ள உடை அன்றைக்கு மட்டும் மிகவும் உதவும். செருப்பைவிட அடிப்பாகம் வழுக்காத காலணி நல்லது. நூற்றாண்டுகளாக மிதிபட்ட பளிங்குப் படிகள் மழை நாளில் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும்.

போய்ச் சேரும் வழி

ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து வட்டார ரயிலில் ஒரு மணி நேரம், சில வண்டிகளில் அதற்குச் சற்றுக் கூடுதல். காகிதச் சீட்டாக வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகிலுள்ள சிறிய பெட்டியில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும். பைசா சென்ட்ராலே நிலையத்தில் இறங்கினால் கோபுரம் சுமார் இரண்டு கிலோமீட்டர். கோர்சோ இத்தாலியா வழியே வந்து, ஆர்னோ ஆற்றைப் பாலத்தில் கடந்து, போர்கோ ஸ்த்ரெத்தோவின் வளைவுக் கூடங்களுக்கு அடியில் நடந்தால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வெயில் இல்லாத நாளில் நடப்பதையே பரிந்துரைப்பேன். அவசரமாக வருபவர்களுக்குப் பைசா சான் ரொசோரே என்ற சிறிய நிலையமே வசதி. அங்கிருந்து பத்து நிமிட நடை. லூக்கா நகரிலிருந்து வரும் வண்டிகள் அங்கே நிற்கும். காலையில் லூக்கா, மாலையில் பைசா என்று ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பதற்கு அந்தத் தடம் பொருத்தமானது. ரயில் தாமதமாகக்கூடும் என்பதைக் கணக்கில் எடுத்து, வந்து சேரும் நேரத்துக்கும் கோபுர நேரத்துக்கும் இடையில் ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், நாளின் முதல் நேரம் அல்லது பிற்பகலின் கடைசி நேரங்கள் என்பேன். நடுப்பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்குகின்றன. சதுக்கத்தில் நிழலும் குறைவு. பிற்பகலில் இன்னொரு நன்மை உண்டு. கோபுரம் சதுக்கத்தின் கிழக்குக் கோடியில் நிற்பதால், மேற்கே இறங்கும் வெயில் அதன் மீது நேராக விழுகிறது. வெண்பளிங்குத் தூண் வரிசைகள் அப்போதுதான் மிகத் தெளிவாகத் தெரியும்.

ஏறும்போது

வாசலில் சீட்டைக் காட்டி, பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே நுழைந்ததும், பலரும் நேரே படிகளை நோக்கி விரைவார்கள். அதற்கு முன் ஒரு கணம் அண்ணாந்து பார்க்க வேண்டும். எட்டு அடுக்குகள் என்று வெளியே எண்ணியவருக்கு உள்ளே தளங்களே இல்லை என்பது வியப்பாக இருக்கும். கோபுரம் அடிமுதல் வெறும் குழல். அந்தக் குழலின் சுவர் இரட்டைச் சுவர். இரண்டுக்கும் இடையில்தான் படிகள் சுற்றிச் சுற்றி மேலே போகின்றன.

முதல் சுற்றிலேயே சாய்வு தெரியத் தொடங்கும். வடக்குப் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கித் திரும்பும்போது படிகள் திடீரென்று எளிதாகிவிடும், கிட்டத்தட்டச் சமதரையில் நடப்பதுபோல் இருக்கும். மீண்டும் வடக்கு நோக்கித் திரும்பும்போது அதே உயரப் படிகள் செங்குத்தாகத் தோன்றும். உடம்பு ஒரு சுற்றில் உட்சுவர்ப் பக்கமும், அதே சுற்றின் மறுபாதியில் வெளிச்சுவர்ப் பக்கமும் தள்ளப்படும். குனிந்து படிகளைப் பார்த்தால் இதற்குச் சாட்சி கிடைக்கும்: பளிங்கில் தேய்ந்த குழி எல்லாப் படிகளிலும் நடுவில் இல்லை. சாய்வு தள்ளிய பக்கமாகவே எட்டு நூற்றாண்டுக் கால்களும் மிதித்திருக்கின்றன. குழி ஒரு படியில் இடப்பக்கம், பல படிகள் தள்ளி வலப்பக்கம் என்று மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. பின்னால் வருபவர் முனகினாலும் அதைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். மூச்சு வாங்கினால் சாளரங்களுக்கு அருகில் ஒதுங்கி நிற்கலாம்.

உச்சியில் ஏழு மணிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது 1654-இல் வார்க்கப்பட்ட ‘அசுந்தா’. எடை மூன்றரை டன்னுக்கும் மேல். கோபுரத்தை அதிர வைக்கக்கூடாது என்பதற்காக இன்று மணிகளை ஊசலாட விடுவதில்லை. நின்ற இடத்திலேயே சுத்தியால் அடித்து ஒலிக்கச் செய்கிறார்கள். நண்பகலிலும் பேராலய வழிபாட்டுக்கு முன்பும் ஒலிக்கும் என்பதால், பகல் பன்னிரண்டு மணி அளவில் மேலே இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது பேராலயத்தின் கூரை சிலுவை வடிவில் காலடியில் விரியும். வடக்கே அபுவான் மலைகள். வடகிழக்கே தெரியும் தாழ்ந்த மலைகளின் அடியில்தான் சான் ஜூலியானோ இருக்கிறது. இந்தச் சதுக்கத்துக் கட்டடங்களின் பளிங்கு பெரும்பாலும் அங்கு வெட்டி எடுக்கப்பட்டது. தெளிவான நாளில் மேற்கே கடலும் தெரியும்.

எதனால் சாய்ந்தது, ஏன் விழவில்லை

மேலே நிற்கும்போது இந்தக் கேள்வி எழாதவர் இருக்க மாட்டார். அதனால் ஏறுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1172-இல் பெர்த்தா என்ற கைம்பெண், மணிக்கோபுரத்துக்குக் கல் வாங்குவதற்காக அறுபது நாணயங்களை எழுதிவைத்தார். 1173-இல் வேலை தொடங்கியது. அடித்தளம் சுமார் மூன்று மீட்டர் ஆழமே. அதன் கீழே ஆற்று வண்டலும், அதற்கும் கீழே மென்மையான கடற்களிமண்ணும் இருந்தன. 14,000 டன்னுக்கும் மேற்பட்ட எடையை அது தாங்கவில்லை. மூன்று அடுக்குகள் எழும்பிய நிலையில், 1178 வாக்கில் வேலை நின்றது. போர்களில் சிக்கிய நகரம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அதைத் தொடவில்லை. அந்த இடைவெளிதான் கோபுரத்தைக் காப்பாற்றியது. தொடர்ந்து கட்டியிருந்தால் களிமண் பிதுங்கிக் கோபுரம் அப்போதே கவிழ்ந்திருக்கும் என்பது மண்ணியல் பொறியாளர்களின் கணிப்பு; நூறு ஆண்டு ஓய்வில் நீர் வடிந்து களிமண் இறுகிக்கொண்டது. 1272-இல் மீண்டும் தொடங்கியவர்கள், சாயும் பக்கத்தில் சுவரைச் சற்று உயரமாகக் கட்டி நிமிர்த்தப் பார்த்தார்கள். அதனால்தான் கோபுரம் நேர்கோட்டில் சாயாமல் மெல்ல வளைந்திருக்கிறது. இதைப் பார்க்கக் கோபுரத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கிழக்கிலோ மேற்கிலோ நிற்க வேண்டும். மணி அறை 1372 வாக்கில்தான் முடிந்தது.

பிற்காலத்தில் உதவப் போனவர்கள் கேடும் செய்தார்கள். 1838-இல் புதைந்துபோன அடிப்பாகத்தை வெளிக்காட்ட வேண்டும் என்று சுற்றிலும் பள்ளம் தோண்டினார்கள். நிலத்தடி நீர் பீறிட்டுக் கோபுரம் மேலும் சாய்ந்தது. இன்று அடிவாரத்தில் தரைமட்டத்துக்குக் கீழே தெரியும் வட்டப் பள்ளம் அதுதான். 1934-இல் அடித்தளத்துக்குள் சிமென்ட் கரைசலைச் செலுத்தியபோதும் இதே கதி. 1989 மார்ச்சில் பவியா நகரத்துப் பழைய கோபுரம் முன்னறிவிப்பு இல்லாமல் இடிந்து நால்வர் இறந்த பிறகு, அரசு விழித்துக்கொண்டு 1990 ஜனவரி 7 அன்று பைசா கோபுரத்தை மூடியது. மிகாயெல் யாமியோல்கோவ்ஸ்கி தலைமையிலான குழு முதலில் வடக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான டன் ஈயக் கட்டிகளை அடுக்கிச் சாய்வை நிறுத்தியது. பிறகு, லண்டன் பேராசிரியர் ஜான் பர்லண்ட் முன்னின்று நடத்திய முறையில், வடக்குப் பக்கத்து அடிநிலத்திலிருந்து சாய்வான துளைகள் வழியே மண்ணைச் சிறிது சிறிதாக உருவி எடுத்தார்கள். மொத்தம் 38 கன மீட்டர் மண்; அவ்வளவுதான். கோபுரம் தானாகவே வடக்கு நோக்கி அமர்ந்தது. உச்சி 40 சென்டிமீட்டருக்கும் மேல் பின்வாங்கியது. சாய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த நிலைக்குத் திரும்பியது. 2001 டிசம்பர் 15 அன்று மீண்டும் திறந்தார்கள். முழுவதும் நிமிர்த்திவிடாமல் விட்டது நகரத்தாரின் பிழைப்பையும் எண்ணித்தான் என்று நினைத்தால் தவறில்லை. ஆனால் பழங்காலக் கட்டடத்தின் உருவை மாற்றாமல் ஆபத்தை மட்டும் நீக்குவது என்ற கொள்கையும் அதில் இருந்தது.

எடை வேறுபட்டாலும் பொருள்கள் ஒரே வேகத்தில் விழும் என்று காட்ட, விஞ்ஞானி கலிலியோ இங்கிருந்து உருண்டைகளைக் கீழே போட்டார் என்ற கதையை வழிகாட்டிகள் சொல்லாமல் விடமாட்டார்கள். அதை எழுதிவைத்தவர் அவருடைய மாணவர் விவியானி. வரலாற்றாசிரியர்கள் பலரும் அதை நம்பத் தயங்குகிறார்கள்.

இறங்கிய பிறகு

பையை எடுத்துக்கொண்டு, அதே சீட்டுடன் பேராலயத்துக்குச் செல்லலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். உள்ளே ஜொவான்னி பிசானோ 1302 முதல் 1310 வரை செதுக்கிய பிரசங்க மேடையை விட்டுவிடாதீர்கள். கோபுரத்தையே மறக்கச் செய்யும் வேலைப்பாடு. ஞானஸ்நானக் கூடத்துக்குத் தனிச் சீட்டோ கூட்டுச் சீட்டோ வேண்டும். அங்கே பணியாளர் ஒருவர் அவ்வப்போது நடுவில் நின்று சில சுரங்களைப் பாடிக் காட்டுவார். வளைந்த கூரை அந்த ஒலிகளை விடாமல் பிடித்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். பெரும்பாலும் அரை மணிக்கு ஒருமுறை நடக்கும், காத்திருந்து கேட்கலாம். அந்தக் கூடமும் சற்றே சாய்ந்திருக்கிறது, மண் ஒன்றுதானே. ஆற்றங்கரைக்குத் திரும்பும் வழியில் இருக்கும் சான் நிகோலா ஆலயத்தின் மணிக்கோபுரமும் சாய்ந்ததுதான், ஆனால் அதன் முன் படம் எடுக்க யாரும் நிற்பதில்லை.

ஜூன் நடுவில் செல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜூன் 16 இரவு, நகரின் காவல் புனிதர் ரனியேரியின் விழாவுக்கு முந்தைய நாள், ஆர்னோ கரையிலுள்ள வீடுகளின் முகப்பெங்கும் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளை ஏற்றுகிறார்கள். கோபுரத்திலும் எண்ணெய் விளக்குகள் எரியும். பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் அன்று விடுதி அறை கிடைப்பது அரிது, மாலையில் ஆற்றைக் கடந்து ரயில் நிலையத்துக்குப் போவதற்கே நெடுநேரம் ஆகும். அந்த நாளில் கோபுரம் ஏற விரும்புவோர், திறந்திருக்கும் நேரத்தை அமைப்பின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு காலை நேரத்துக்கே சீட்டு எடுக்க வேண்டும்.